கசிவு ஏதும் இல்லை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தண்ணீர் படாமல் கெமிக்கலில் துணி வெளுத்துத் தரும் கடை ஒன்று. அந்தக் கடைக்காரரும் அவர் மனைவியும் மல்லுக்கட்டிய கதையைச் சொல்கிறேன். நடுவில் நான் வாய் திறக்கப் போவதில்லை, அவர்களே பேசட்டும்.

மனைவி: ...திரும்பவும் கேக்கறேன். வருஷம் பூரா வாங்கின கெமிக்கல் இவ்வளவு. கழிவுன்னு லாரியில ஏத்தினது இவ்வளவு. மெஷினுக்குள்ள இருக்கறது இவ்வளவு. மீதி ஒரு ட்ரம் எங்கங்க போச்சு?

கடைக்காரர்: துணி குடிச்சிருக்கும்.

மனைவி: குடிச்சிட்டுத் தள்ளாடிக்கிட்டே வீட்டுக்குப் போச்சாக்கும்?

கடைக்காரர்: ஏம்மா, ஃப்யூஸ் போய் காலையிலேர்ந்து மெஷின் நிக்குது. எலக்ட்ரீஷியன் போனையே எடுக்க மாட்டேங்கறான். இதுல நீ வேற... இந்த வருஷக் கணக்கு ஃபாரத்தையும் போன வருஷம் எழுதின மாதிரியே எழுதி அனுப்பிடேன். சுற்றுச்சூழல் ஆபீஸ்ல யாரு இத உக்காந்து படிக்கறா?

மனைவி: யாரு படிச்சா என்ன, படிக்காட்டி என்ன. கையெழுத்து என்னோடது. நாளைக்கே இங்க தீப்பிடிச்சா, உள்ள என்ன இருக்குன்னு இதப் பாத்துத்தான் தீயணைப்புக்காரன் கால வைப்பான்.

கடைக்காரர்: நல்ல நாளும் அதுவுமா வாயில வருது பாரு!

மனைவி: அடுத்த கேள்வி. "வாராவாரம் மெஷின்ல கசிவு பாத்தீங்களா?"

கடைக்காரர்: பாத்தேன்னு போடு.

மனைவி: எத வெச்சுப் பாத்தீங்க?

கடைக்காரர்: மூக்க வெச்சுத்தான்!

மனைவி: ஆபீஸ்ல வாங்கச் சொன்ன கசிவு மீட்டர் அலமாரியில தூங்குதே?

கடைக்காரர்: அந்த டப்பாவுக்கு பேட்டரி போடணும். என் மூக்குக்கு எதுவும் வேணாம். ஒரு சொட்டு ஒழுகினா தெருமுனையிலயே சொல்லிடுவேன். ஊரே சொல்லுமே...

மனைவி: ஊர விடுங்க. இப்ப மோந்து பாருங்க.

கடைக்காரர்: ஸ்ஸ்... ஸ்ஸ்...

மனைவி: என்ன?

கடைக்காரர்: ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.

மனைவி: எனக்குக் கண்ணு எரியுது.

கடைக்காரர்: கம்ப்யூட்டரையே முறைச்சுக்கிட்டிருந்தா எரியாம?

மனைவி: நேத்து கோட்டு வாங்க வந்த டீச்சர் மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னாங்க.

கடைக்காரர்: அந்தம்மா என்னைக்கு மூஞ்சியச் சுளிக்காம நின்னிருக்காங்க?

மனைவி: சுவத்துகிட்ட பேசியிருந்தாக்கூட இந்நேரம் இறங்கி வந்திருக்கும்... நாளைக்கு யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?

கடைக்காரர்: மறப்பேனா? பொண்ணும் பேரனும். மாடி ரூமுக்கு நான்தானே பெயிண்ட் அடிச்சேன்!

மனைவி: மாடி ரூம் எதுக்கு மேல இருக்கு?

கடைக்காரர்: ...மெஷினுக்கு மேல.

மனைவி: பச்சக் குழந்தை அது. அங்கதான் படுத்து மூச்சு விடப்போகுது. இங்க "கசிவு ஏதும் இல்லை"ன்னு நான் கையெழுத்துப் போடணும். போடவா?

கடைக்காரர்: கடைய மூடச் சொல்லிட்டா? இந்த வயசுல யார் வாசல்ல போய் நிக்கறது?

மனைவி: நான் கடையப் பத்திக் கேக்கல. போடவா, வேணாமா?

கடைக்காரர்: ...வேணாம்.

மனைவி: ஏன்?

கடைக்காரர்: எனக்கு... வாசனையே தெரியலம்மா. மழைக்காலத்துல ஜலதோஷம் பிடிச்சுதுல்ல? சளி போச்சு, மூக்கு திரும்பி வரல. இன்னைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும்னு... மூக்கால பேர் வாங்கினவன், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? மெஷின் ஒழுகுதா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ...திட்டேன்.

மனைவி: முந்தாநாள் பாலத் தீய விட்டேன். வீடே நாறிச்சு. அதுலயே காபி போட்டுக் குடுத்தேன். "உன் கைப்பக்குவமே தனி"ன்னு சொட்டு விடாம குடிச்சீங்க.

கடைக்காரர்: அடிப்பாவி... அப்பவே தெரியுமா?

மனைவி: அப்பத்தான் தெரிஞ்சுது. நேத்து நீங்க துணி குடுக்கப் போனதும் மீட்டருக்கு பேட்டரி போட்டேன். மெஷின் கதவு ரப்பர்கிட்ட கொண்டு போனா... அப்பப்பா, மீட்டர் என்ன கத்து கத்திச்சு!

கடைக்காரர்: ஐயோ. அப்ப ஆபீசுக்கு...

மனைவி: நேத்தே போன் பண்ணி உள்ளதச் சொல்லிட்டேன். ரப்பர் மாத்தற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது, அவ்வளவுதான். நாமளா சொன்னதால கடைய மூடமாட்டாங்களாம். பொண்ணையும் காத்து சுத்தமாகற வரைக்கும் மாமியார் வீட்டுலயே இருன்னுட்டேன்.

கடைக்காரர்: எல்லாம் முடிச்சிட்டு, காலையிலேர்ந்து என் உசுர ஏன் வாங்கின?

மனைவி: ஆபீசுக்கு நான் சொல்லலாம். எனக்கு நீங்கதானே சொல்லணும்? ...எலக்ட்ரீஷியனுக்கு இனி போன் போடாதீங்க. ஃப்யூஸ் போகல. என் கைப்பையில இருக்கு.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பால் தீயாமல் பொங்கட்டும். ஒருவர் மூக்கு அயர்ந்தாலும் இன்னொருவர் மூக்கு விழித்திருக்கட்டும்.