சிவப்புக் கோட்டுக்கு மேலே

காபிக்கு நன்றி. சூடாக இருக்கிறது, அதுவே போதும். இந்த ஏலக்காய் பன்னை மட்டும் உங்கள் பக்கம் தள்ளி வைத்துவிடுகிறேன். நீங்கள் சாப்பிடுங்கள். வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தான் ஏற்கெனவே திணறுகிறது, இன்னொரு பன்னால் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் ஜிம்மில் வேலை பார்த்தவளுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தார்யாவைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் அவள் எங்கள் ஜிம்முக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கும். துடுப்பு இயந்திரத்தில் எப்படி உட்கார வேண்டும், முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அப்போது அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போகப் போக ஆள் மாறினாள். காலையில் நான் கதவு திறக்க வரும்போது பனியில் நின்றுகொண்டிருப்பாள். சாயங்காலமும் வருவாள். அவளுடைய அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூடக் கறுப்பு உடையோடு வந்து, அதை மடித்து வைத்துவிட்டுத் துடுப்பில் உட்கார்ந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, உடம்பில் இருந்ததையெல்லாம் கரைத்தாள். நானும் தினமும் செய்கிறவள்தான். ஆனால் எனக்கு அளவு தெரியும்.

வசந்தத்தில் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, இந்த எடைக்குக் கீழே போனால் உடற்பயிற்சி கூடாது என்று மருத்துவர் ஓர் அளவு சொன்னார். அவள் கணவன் இல்போ வீட்டிலிருந்த தராசைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் வந்தான். பெண்கள் உடை மாற்றும் அறையில் எங்களிடம் ஒரு பழைய தராசு இருக்கிறது, ஏறி நின்று குண்டை நகர்த்திப் பார்க்கிற வகை. மருத்துவர் சொன்ன எடைக்கு நேராக ஒட்டச் சொல்லிச் சிவப்பு ஒட்டுநாடாவைத் துண்டாக வெட்டியே கொண்டுவந்திருந்தான்.

"இதுக்குக் கீழ போனா கதவைச் சாத்திடுங்க, கைசு. என்னைத் திட்டட்டும், உங்களைத் திட்டட்டும், பரவாயில்ல. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. உங்க பேச்சைக் கேப்பா," என்றான்.

ஒட்டினேன். தினமும் காலையில் அவளை ஏற்றி நிறுத்தி, கோட்டுக்கு மேலே இருக்கிறாள் என்று இல்போவுக்குச் செய்தி அனுப்பினேன். முதல் சில வாரங்கள் அது உண்மையாகவும் இருந்தது.

இனி எங்கள் சவுனாவை, அந்த நீராவி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அங்கேதான் உட்காருவோம், பிறந்த மேனியாக. யார் உடம்பையும் யாரும் பேசமாட்டோம். உங்களுக்கும் தெரியும், அது நம் ஊர் மரியாதை. முன்பெல்லாம் மேல் பலகையில் நான் உட்கார்ந்திருந்தால், பார்க்காத மாதிரி என்னைத்தான் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அதனால் எனக்கொன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் தார்யா ஆவி எழும்ப அடுப்பின் சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ இப்பத்தான்டி பாக்க அழகா இருக்கே. கொஞ்சம் பூசினாப்புல."

அன்பாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த மெர்யாவும் தலையாட்டினாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஒரு வார்த்தைக்காக யாராவது இப்படியெல்லாம் செய்வார்களா?

தராசின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பினால், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். தார்யா வருவதற்கு முன்னால் திருப்புவேன், அவள் துடுப்பில் உட்கார்ந்ததும் பழையபடி வைத்துவிடுவேன். மற்றவர்களை நான் ஏமாற்றியதே இல்லை. அவள் இளைக்க இளைக்க, திருகையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஆக, அவள் எப்போதும் கோட்டுக்கு மேலேயே இருந்தாள்.

ஒரு நாள் இறங்காமல் அப்படியே நின்றாள்.

"தராசு சரியா இருக்காடி? பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. ஆனா இது ஏறிக்கிட்டே போகுது."

அவளை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். ஏறும்போதே விரலால் திருகைச் சரிசெய்துகொண்டேன். "எனக்குச் சரியாத்தான் காட்டுது," என்றேன்.

"அப்போ நான்தான் என்னையே ஏமாத்திக்கிறேன்," என்றாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் துடுப்புப் போட்டாள்.

மற்றவர்கள் பார்க்கவில்லையா என்கிறீர்கள். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தாள், பார்க்காமல் இருக்க முடியுமா? மெர்யா பார்த்தாள், கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினாள். எல்லோருக்கும் கண் இருந்தது, மரியாதையும் இருந்தது. இல்போ இரண்டு முறை தொலைபேசியில் கேட்டான், முகம் வற்றிக் கிடக்கிறதே என்று. கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள் என்றேன். "அப்போ சரி, எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது," என்றான். அப்படி ஒரு நிம்மதி அவன் குரலில். பக்கத்தில் படுத்திருக்கும் பெண்டாட்டியைவிடத் தராசை நம்பினான். அதற்கு நான் என்ன செய்வது?

கடைசி நாள் காலை, தராசிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலமாக இருந்தது.

"இன்னிக்கு முடியலடி. இல்போ கஞ்சி வச்சிருப்பான். வீட்டுக்குப் போயிடட்டுமா?"

போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். இல்போ சொன்னது சரி, என் பேச்சை அவள் கேட்பாள்.

"உன் இஷ்டம். தராசு காட்டுறத நீயே பாத்தேல்ல," என்றேன்.

பார்த்தாள். பிறகு போய்த் துடுப்பில் உட்கார்ந்தாள். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் சத்தம் நின்றது கேட்டது. மிச்சமிருந்த துண்டுகளையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் போனேன்.

அந்தக் களேபரத்தில் திருகைத் திருப்பி வைக்க மறந்துபோனேன். உங்கள் போலீஸ்காரர் ஒருவர் விளையாட்டாகத் தராசில் ஏறி நின்று, "அடப்பாவி, ஒரே ராத்திரியில இவ்ளோ ஏறிட்டேனா?" என்றார். உடனே குனிந்து திருகைப் பார்த்தார். அவரும் என் மாதிரிதான், தன் எடை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அவள் சாவாள் என்பதும் தெரியும். ஆனால் அவள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அந்தச் சொல்லை மட்டும் தாளில் போட்டுவிடாதீர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று. மருத்துவமனையில் அவளை எடை போட்டிருப்பார்களே, சரியான தராசில்? எண்ணைச் சொல்ல வேண்டாம். இன்று காலை இங்கே என்னையும் ஏற்றி நிறுத்திக் குறித்துக்கொண்டீர்கள் அல்லவா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இன்னும் எவ்வளவு குறைய வேண்டும்?