படிக்கிணற்றில் ஒரு செம்புத் தண்ணீர்

தலைமை வகிக்கும் பெரியவர் அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே! கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேவகிருபை அம்மையாரே! மறைந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஞானரத்தினம் அவர்களை நான்கு பேர் புகழ்ந்துவிட்டார்கள். புகழ எனக்கு யோக்கியதை இல்லை. வைகுண்டராஜ் ஆகிய நான் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வன்னியம்பட்டிச் சாலையிலுள்ள படிக்கிணறு என் தகப்பனார் கட்டியது. புரட்டாசிச் சனிக்கிழமை நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கிக் கால் நனைத்து, நீர் குடித்துப் போகட்டும் என்று இருபத்திரண்டு படி வைத்தார். மேல்படியில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. எத்தனை பெருமை எனக்கு!

அந்தப் படிதான் ஊரை நொண்டியாக்குகிறது என்று சொன்னவர் ஞானரத்தினம். நரம்புச் சிலந்தி என்கிற நூல் போன்ற புழு புறப்பட்ட காலைத் தண்ணீரில் வைத்தால் அதன் குஞ்சுகள் நீரில் இறங்கும். அதைக் குடித்தவர் காலில் மறுவருஷம் சிலந்தி புறப்படும். வீட்டுக்கு ஒருவர் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார்களே, மறந்துவிட்டோமா? மருந்து கொடுத்து மாளாது, படியை எடுத்துவிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பி, கப்பி போட்டு இறைக்க வேண்டும் என்றார். வடிகட்டத் துணி கொடுத்தார். நம் ஊர்ப் பெண் அங்காளம்மாளின் காலிலிருந்த சிலந்தியைப் பதினெட்டு நாள் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தவர் அவர்தான்.

நான் என்ன செய்தேன்? அவர் கிறிஸ்தவர்; வேதக்காரர் ஒருவர் நம் பெருமாளுடைய கிணற்றை மூட வந்திருக்கிறார் என்று கிளப்பிவிட்டேன். ஆம், அந்தப் பேச்சு என் வாயில்தான் பிறந்தது!

போன புரட்டாசியில் கூட்டத்துக்கு நடுவே அவர் படியருகே வந்து, படியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். நான் ஒரு செம்பு மொண்டு நீட்டினேன்.

"எங்க தண்ணிய வாயில வைக்க மாட்டீரு, எங்க கிணத்துக்குப் புத்தி சொல்ல வந்துட்டீரோ? குடியும், பொறவு பேசுவோம்."

அவர் தோள் துண்டை எடுத்துச் செம்பின் வாயில் விரித்தார். வடிகட்டினால் எங்களை அவமதித்தது போலாகும் என்று துண்டைப் பிடுங்கினேன். முழுச் செம்பையும் குடித்தார்.

"குடிச்சிட்டேன்யா. படிய எடுத்துருவீகளா?"

நான் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினேன்.

இந்த ஆடியில் அவர் கணுக்காலில் சிலந்தி புறப்பட்டது. பாதியில் அறுந்து, கால் சீழ்பிடித்து, பத்தே நாளில் போய்விட்டார். எந்தத் தண்ணீரால் வந்ததென்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அன்றைக்கு ஒரு நாள் தவிர வடிகட்டாமல் ஒரு வாய் குடித்ததில்லை என்கிறார் அம்மையார். அம்மா, அதைக் கோபமில்லாமல் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. நாளைக் காலை கொத்தனார் ராக்கப்பன் வருகிறார். முதலில் பெயர்வது என் தகப்பனார் பெயருள்ள கல். கடப்பாரை என் கையில் இருக்கும். ஞானரத்தினம் குறித்து வைத்த மற்ற பதினோரு படிக்கிணறுகளுக்கும் நான் போவேன். அங்கே என்னைப் போல ஒருவன் வழிமறித்தால் இந்தக் கதையை அவனிடம் சொல்வேன்.

ஞானரத்தினம் அவர்களே! அன்று கூட்டத்தின் முன்னால் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். அதே கூட்டத்தின் முன்னால் இன்று பதில் சொல்கிறேன்.

எடுத்துவிடுகிறேன், ஐயா.