இன்றைக்கும் கப்பல் இல்லை

"அண்ணே, இன்னைக்கும் கப்பல் இல்லன்னு எங்க மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

நான் போன திருச்சுழி பஸ் வழியில் ஓர் ஊரில் நின்றதும், கண்டக்டரிடம் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். பக்கத்தில் தகரப் பெட்டியோடு அவளுடைய மாமனார் நின்றார்.

"ஏத்தா, கம்மாயிலயே தண்ணியக் காணோம். கப்பலா?" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"ரங்கூன்ல இருந்து அகதியா வந்தவுக. இப்ப ஞாபகம் தப்பிப்போச்சு. திரும்பப் போகணும்னு ரோட்டுல லாரிக்குக் குறுக்க நடக்குறாக. காக்கிச் சட்டை சொன்னாத்தான் கேக்குறாக."

கண்டக்டர், "பெரியவரே, கப்பல் நாளைக்குத்தான். வீட்டுக்குப் போங்க," என்றார். கிழவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

"நாளையில இருந்து எனக்குக் காரியாபட்டி ரூட்டும்மா. வர்ற ஆளு இதுக்கெல்லாம் நிக்க மாட்டான்," என்றார் கண்டக்டர், தணிந்த குரலில்.

அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒங்க பழைய சட்டை ஒண்ணு குடுங்கண்ணே. எங்க வீட்டுக்காரவுக போட்டுக்கிட்டுச் சொல்லட்டும்."

"பெத்த மகனாச்சே, அடையாளம் தெரிஞ்சிறாதா?"

"தெரியலையேண்ணே. அவுகளச் சின்னப் புள்ளையா ரங்கூன்லயே விட்டுட்டு வந்துட்டதா நெனச்சுக்கிட்டு, கூட்டியாரத்தான் மாமா தெனமும் கப்பலுக்கு நிக்கிறாக."