அன்னூரில் நூற்றுப்பன்னிரண்டு பேர் முடித்த அறிமுக வகுப்பு

என் பெயர் ஜெனிஷா, வயது 31, த/பெ பாக்கியசாமி. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்விப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கல்லூரி வாசலையே மிதிக்காமல் முழுக்க இணையத்தில் படிக்கும் மாணவர்களுக்கு, எங்கே நுழைவது, யாரிடம் கேட்பது, தேர்வுக்கு எப்படிப் பதிவு செய்வது என்று தொடக்கத்திலேயே சொல்லித் தரும் அறிமுக வகுப்பைத் தயாரிப்பது என் பொறுப்பு. அன்னூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் காளிச்சாமி என்பவர் மீது எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த ஆள்மாறாட்டப் புகார் தொடர்பாக அழைக்கப்பட்டு, உதவி ஆய்வாளர் திரு. முகமது யூசுப் அவர்கள் முன் இதைச் சொல்கிறேன்.

கடந்த 2025 ஜூன் மாதம் புதிய அறிமுக வகுப்பு ஒன்றைத் தயாரிக்கும்படி என் மேலதிகாரி திரு. சுரேந்தர் சொன்னார். நான் முதலில் அறுபது மாணவர்களுக்குப் போன் செய்து பேசினேன். அன்னூர்ப் பக்கத்து மாணவர் ஒருவருக்குக்கூடத் தன் பாஸ்வேர்டு தெரியவில்லை. பட்டா, ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவானாலும் காளிச்சாமி கடையில் கொடுத்துவிட்டு வருவது அங்கே வழக்கம், கல்லூரிச் சேர்க்கையையும் அப்படியே செய்திருந்தார்கள். பாஸ்வேர்டு எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தது. அத்தனை பேருக்கும் அவர் தன் போன் நம்பரையே போட்டிருந்தார், எங்கள் விண்ணப்பமும் அதை ஏற்றுக்கொண்டது. மாணவர்களின் சொந்த நம்பர்களை அவரிடமே கேட்டு வாங்கித்தான் நான் பேசினேன்.

அதன் பிறகு நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாணவரையும் ஒருவர் போனில் அழைத்து, அவரவர் போனிலேயே புது பாஸ்வேர்டு போட வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை தமிழில் நேரடியாகப் பேச வேண்டும் என்பது அதன் சுருக்கம். திரு. சுரேந்தர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "இத்தன ஆயிரம் பேருக்கு ஆரு போன் பண்றதுங்க ஜெனிஷா? வீடியோ போட்டு, கீழ பட்டன் வெச்சுட்டா முடிஞ்சுதுங்க" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னபடியே நாற்பத்திரண்டு நிமிட ஆங்கில வீடியோ தயாரானது. அதில் வேந்தரின் வாழ்த்துரை ஒன்பது நிமிடம், வளாகத்தின் நீச்சல் குளம் இரண்டு நிமிடம், தேர்வுக்குப் பதிவு செய்வது எப்படி என்பது நாற்பது விநாடி. நீச்சல் குளத்தை எடுத்துவிடலாம் என்று மூன்று முறை மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் "நான் புரிந்துகொண்டேன்" என்ற உறுதிமொழியும், தேர்வு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலும் வைக்கச் சொன்னார்கள். அறிமுக வகுப்பில் தேர்வு மையத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். எல்லாம் ஒரே இடத்தில் முடியட்டும் என்றார்கள். அந்தப் பக்கத்தை நானே செய்தேன்.

அதன் பிறகு ஜூலை 31-க்குள் நூறு சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 29-ஆம் தேதி காலையில் அன்னூரைச் சேர்ந்த 112 பேர் மட்டும் பாக்கி இருந்தார்கள். 30-ஆம் தேதி மாலை 112 பேரும் முடித்துவிட்டதாகக் கணினி காட்டியது. அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, நான்கைந்து நிமிடத்துக்கு ஒருவர் வீதம் முடிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு வந்தது.

அதன் பிறகு டிசம்பர் 9-ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு முதல் தேர்வு நடந்தது. மறுநாள் நாச்சியம்மாள், வயது 36, என்ற மாணவி அலுவலகத்துக்கு வந்தார். அன்னூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தற்காலிகமாக வேலை செய்கிறார், பி.காம். முடித்தால்தான் வேலை நிரந்தரம். ஹால் டிக்கெட் தகவல் காளிச்சாமி போனுக்குப் போய், தேர்வுக்கு முந்தைய நாள் மாலைதான் நாச்சியம்மாள் கைக்கு வந்திருக்கிறது. அதில் தேர்வு மையம் அரியலூர் என்று இருந்திருக்கிறது. 112 பேருக்கும் அரியலூர்தான். பட்டியலில் முதலில் இருந்த ஊர் அது. மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட, இவர் மட்டும் விடியும் முன்பே கிளம்பி, சிங்காநல்லூரில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, 2.50-க்கு அரியலூர் போய்ச் சேர்ந்திருக்கிறார். கேட்டை 2.30-க்கு மூடியிருந்தார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஏனுங்க அம்மணி, நானு படிச்சு வெச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். எந்த ஊர்ல எழுதச் சொன்னாலும் எழுதறேனுங்க. பேரை மட்டும் எடுத்துப்போடாதீங்க" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அதன் பிறகு நான் மறுதேர்வு கேட்டுக் கடிதம் வைத்தேன். அதைப் படித்த பிறகுதான் அதிகாரிகள் கணினிப் பதிவைத் தோண்டினார்கள். மறுதேர்வுக்குப் பதிலாக, பொய் உறுதிமொழி கொடுத்ததாக 112 பேருக்கும் சேர்க்கையை ரத்து செய்யும் நோட்டீஸ் போனது, காளிச்சாமி மீது புகாரும் போனது. நோட்டீஸும் ஆங்கிலத்தில்தான். அதுவும் காளிச்சாமி போனுக்குத்தான் போயிருக்கிறது. இவர்களோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

மேற்கண்டதை உதவி ஆய்வாளர் வாசித்துக் காட்டினார். காளிச்சாமி யாரும் சொல்லாமல் தானாகவே இதைச் செய்தார் என்று முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். திரு. சுரேந்தரும் நேற்று என்னிடம் அப்படித்தான் சொல்லச் சொன்னார். முடிக்க வேண்டாம், ஒன்றை விட்டுவிட்டேன் என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். "அம்மணி, யோசிச்சுச் சொல்லுங்க. எழுதுனா உங்க பேரும் உள்ள வருமுங்க" என்றார். எழுதச் சொன்னேன்.

மேலும் நான் கூறுவதாவது: ஜூலை 29-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நான்தான் காளிச்சாமிக்குப் போன் செய்தேன். எப்படியாவது நாளைக்குள் 112 பேருக்கும் முடித்துக் கொடுங்கள் என்றேன். "அதுக்கென்னங்க அம்மணி, முடிச்சுப்போடலாமுங்க" என்றார். சிறிது நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் ஊர் கேட்கிறது, எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போடட்டுமா, இரண்டு நாள் ஆகும் என்றார். நேரமில்லை, ஏதாவது ஒன்றைப் போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். பிறகு மாற்றும் வசதி அந்தப் பக்கத்தில் கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

நாச்சியம்மாள் உள்பட 112 பேரும் எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லை. அவர்களுக்காகப் பட்டனை அழுத்தியவர் காளிச்சாமி, அழுத்தச் சொன்னவள் நான். இதை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. தமிழில் எழுதியதை வரிவரியாக நானே படித்துப் பார்த்தேன், சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
பா. ஜெனிஷா
19.01.2026