வடைக்கும் வேப்பிலைக்கும் ஒரே நம்பர்

பெத்தவங்க கூட்டத்துக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளை எப்படி எடைபோடறதுன்னு பேசச் சொல்லிட்டீங்க. பேசறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை... பின்வரிசை, போனை உள்ள வைங்க. வடை வர்ற கதை இது!

தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ். அங்க செண்பகவடிவுன்னு ஒரு பொண்ணு பிஎச்.டி. பண்ணுது. என்ன ஆராய்ச்சி? இலை! ஒரு இலை எவ்வளவு சிக்கலாக் கிளை பிரியுதுன்னு கம்ப்யூட்டர் வச்சு அளக்கறது. நேர்கோடுன்னா ஒண்ணு. முழுசா நிரம்பின தாள்னா ரெண்டு. வளைஞ்சு நெளிஞ்சு போற வடிவமெல்லாம் ரெண்டுக்கும் நடுவுல. ஃபிராக்டல் பரிமாணம்னு பேரு. பயப்படாதீங்க, பரீட்சை வைக்கமாட்டேன்! சாஃப்ட்வேர் படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்தும், மேல கட்டம் போடும், கறுப்பு எத்தனை கட்டத்துல படுதுன்னு எண்ணும். கட்டத்தைச் சின்னதாக்கி மறுபடி எண்ணும். கடைசில ஒரு நம்பர் கொடுக்கும்.

வடிவு வேப்பிலையைப் போட்டா... 1.68. புளிய இலை... 1.68. முருங்கை? சொல்லுங்க... ஆங், அதேதான்! 1.68!

அவளோட துறைத்தலைவர் தாணுமாலயன் சாருக்குத் தலைகால் புரியலை. "வடிவு! இயற்கையோட ரகசியம்மா இது! எல்லா இலைக்கும் ஒரே எண்! இதுக்கு என் பேரை... சரி சரி, நம்ம ரெண்டு பேர் பேரையும் வைப்போம்!"

வந்தது வாய்மொழித் தேர்வு. இதுல சறுக்கினா இத்தனை வருஷப் பாடும் போச்சு. வெளியூர்லேர்ந்து வந்த தேர்வாளர் ஹசீனா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாங்க. "எல்லாத்துக்கும் ஒரே நம்பரா? அப்ப இதைப் போடும்மா." எதை? தட்டுல இருந்த மெதுவடையை!

வடிவு வடையைப் படம் எடுத்தா. வழக்கம்போல ஓரத்துல காலேஜ் முத்திரையைப் பதிச்சா. விழுது விட்ட ஆலமரம், மை மாதிரிக் கறுப்பா. கேள்வித்தாளோ காலண்டரோ, முத்திரை இல்லாம அந்தக் காலேஜ்ல எதுவும் வெளிய போகாது. தாணுமாலயன் சாரோட கட்டளை! பட்டனைத் தட்டினா...

1.68!

"பார்த்தீங்களா மேடம்!" சார் எழுந்தே நின்னுட்டாரு. "வடையும் வேப்பிலையும் ஒண்ணு! பிரபஞ்சமே ஒண்ணு!"

மேடம் அசரலை. "ஒரு வெள்ளைத்தாளைப் போடும்மா. வெறும் தாள்."

"வெறும் தாள் எதுக்கு மேடம்..." சாருக்குக் குரல் இறங்கிடுச்சு.

போட்டா. ஒண்ணுமே இல்லாத தாள்... 1.68.

வடிவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நடுவுல வர்ற கறுப்பு வெள்ளைப் படத்தை அன்னிக்குத்தான் முதல்தடவையாத் திறந்து பார்த்தா. இத்தனை நாளும் நம்பர் வந்தாப் போதும்னு இருந்துட்டாளே! அங்க வேப்பிலை இல்லை. வடை இல்லை. ஆலமரம் மட்டும் ஜம்முனு நிக்குது! முத்திரை பளிச்சுனு தெரியணும்னு சார் சொன்னதால, மையாட்டம் இருக்கறது மட்டும்தான் கறுப்புன்னு சாஃப்ட்வேர்ல அளவை மாத்தி வச்சிருந்தா. மத்ததெல்லாம் வெள்ளையோட வெள்ளையாப் போயிடுச்சு. இத்தனை நாளா அளந்தது எதை? சாரோட முத்திரையை!

ஹசீனா மேடம் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. "அழாதம்மா. முத்திரையை எடு. இப்பப் போடு."

எடுத்தா. எது கறுப்புங்கற அளவையும் சரிபண்ணிப் போட்டா. வேம்பு ஒரு நம்பர். புளி ஒரு நம்பர். முருங்கை வேற! "சார், எல்லாம் வேற வேற சார்!"னு வடிவு குதிக்குது. தன் பேரை வைக்க இருந்த ரகசியம் கையைவிட்டுப் போச்சு... ஆனாலும் அந்த மனுஷனே சிரிச்சுட்டாரு. "திருத்தி எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்"னாங்க மேடம்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? மூத்தவன் பாடறான்... நீங்க அளக்கறீங்க, "போதாது." சின்னவ படம் வரையறா... "போதாது." எதைக் கொண்டுவந்தாலும் ஒரே நம்பர் வருதா இல்லையா? ஏங்க, அது உங்க பிள்ளையோட நம்பரா? நீங்க ஆசைப்பட்டு ஆகாமப்போன டாக்டர், கிடைக்காமப்போன வேலை... அந்த முத்திரையைக் கறுப்பா பிள்ளை மேல குத்தி வச்சுட்டு, அதையே அளந்துக்கிட்டிருக்கோம்!

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அதைக் கொஞ்சம் எடுத்து வச்சுட்டுப் பாருங்க... அங்க ஒரு பிள்ளை நிக்கும். ரொம்ப நாளா நின்னுக்கிட்டிருக்கு.