தூரத்து இரட்டையும் கிட்டத்து இரட்டையும்

மன்னாரிலிருந்து தாழ்வுபாடு போகும் பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயரலாம் என்றிருந்தேன். முன் சீட்டில் ஒரு தாயும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும். மகள் விடவில்லை.

"கிட்ட இருந்தால்தான் மாறும் அம்மா. தூர இருந்தால் மாறாது."

"ஆர்?"

"இரட்டை நட்சத்திரங்கள். ரெண்டும் ஒரே மேகத்திலை பிறக்கிறது. ஒண்டையொண்டு தூர நிண்டு சுத்தினால், இரும்பு, பேரியம் எல்லாம் ரெண்டிலையும் அநேகமா ஒரே அளவு. கிட்டச் சுத்தினால், ஒண்டு வயசுபோய் ஊதேக்கை அதின்ரை வாயு மற்றதிலை போய் விழும். பிறகு அதிலை பேரியம் கூடிப்போகும். வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தே சொல்லலாம்."

"நானும் உன்ரை சின்னம்மாவும் இரட்டைதானே. இவ்வளவு வருசமும் அவள் இந்தியாவிலை அகதி முகாமிலை, நான் இஞ்சை."

"அதுதான் சொல்லுறன். சின்னம்மா போன கிழமை வந்திறங்கி மீன் குழம்பு வைச்சாவெல்லே. அச்சு அசல் உங்கடை புளிதான்."

தாய் சிரித்தாள்.

"அவளுக்குக் கீரிக் கிராமத்திலை காணி தரலாம் எண்டு அரசாங்கக் கந்தோரிலை சொன்னவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டிட்டன். என்ரை வளவுக்குள்ளையே வீட்டைக் கட்டட்டும். நடுவிலை வேலியும் வேண்டாம். புளி மாறினால் மாறட்டும்."