கடலாயியின் குறைகள்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். இஞ்சியை இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறை சொல்வது எனக்குப் பழக்கம் மட்டுமல்ல, பொறுப்பும்கூட. அரியலூரில் எங்கள் இலக்கிய மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன்.

எங்கள் மன்றத்து முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் மேடையில் இரண்டு பேர் பேசுவோம். ஒருவர் நிறையைச் சொல்வார், இன்னொருவர் குறையைச் சொல்வார். கடைசியில் எழுதியவர் எழுந்து ஏற்புரை என்ற பெயரில் நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். நிறை சொல்ல யார் வேண்டுமானாலும் வரலாம், அட்டையைப் பார்த்தாலே போதும். குறை சொல்ல வேண்டுமென்றால் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். ஆகவே அந்த நாற்காலி எப்போதும் எனக்கு. ‘திறனாய்வுச் செம்மல் கலைவாணன்’ என்று நோட்டீஸில் போடுவார்கள். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நோட்டீஸை அச்சுக்குக் கொடுப்பது நான்தான்.

மணிமொழியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

உடையார்பாளையம் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் வைரக்கண்ணுவின் மகள். கல்லூரி முடித்த கையோடு ஒரு மாயாஜால நாவல் எழுதியிருந்தாள். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது, சுண்ணாம்புப் பாறையைத் தட்டினால் நத்தையும் சிப்பியும் கல்லாகி வரும் என்பது ஊரறிந்த செய்தி. அவள் கதையில் அந்தக் கடல் சாகவில்லை. கல்லுக்குள் தூங்குகிறது. அதை எழுப்பத் தெரிந்த பெண்பிள்ளைதான் கடலாயி.

படித்ததுமே எனக்குக் கடலாயி மேல் சந்தேகம். பெற்றவளிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். ரஞ்சன்குடி மாதிரி ஒரு கோட்டைக்குள் புகுந்து காவலனின் சாவியைத் திருடுகிறாள். வித்தை கற்றுக்கொடுத்த குருவையே நடித்துக் காட்டிக் கேலி செய்கிறாள். கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். இதெல்லாம் போகட்டும். இத்தனை குறை உள்ளவளுக்கு ஆசிரியை ஒரே ஒரு நற்குணத்தை வைத்திருந்தாள். ஆபத்தில் யாராவது கூப்பிட்டால், கூப்பிடுவது யாரென்று பார்க்காமல் போய்விடுவாள். பகைவன் கூப்பிட்டாலும் போவாள்.

நான் நம்பவில்லை. ஆபீஸில் ஒருவர் இனிப்பு கொடுத்தால், அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருப்பேன். பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள். கேட்காதவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

மேடையில் இப்படிச் சொன்னேன். கடலாயி பொய் சொல்வதை ஏற்கிறேன், திருடுவதையும் ஏற்கிறேன், மனிதர்கள் அப்படித்தான். ஆனால் முகம் தெரியாத குரலுக்காக உயிரைக் கொடுக்க ஓடுகிறாள் பாருங்கள், அதுதான் இந்தப் பாத்திரத்தின் பெருங்குறை. ஆசிரியை அவிழ்த்துவிட்ட புளுகு. புளுகு என்ற இடத்தில் கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்துச் சற்று நிறுத்தினேன். வந்தது, சுமாராக.

பிறகு அவள் ஏற்புரைக்கு எழுந்தாள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

“ஐயா சொன்ன குறையெல்லாம் நெசந்தாங்க. பொய் சொல்லுவா, திருடுவா, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. எங்கம்மா படிச்சிட்டு, ‘ஏன்டி, என்னைய எதுக்குடி கதையில எழுதுன’ன்னு கேட்டுச்சு.” சபை சிரித்தது. “கூப்புட்டா போவாங்கறத மட்டும் எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க. ஐயா கூப்புட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல போலருக்கு. பாவம், அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க.”

இந்தத் தடவை மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். சிரிப்பை நான் மன்னித்துவிட்டேன். அவள் கிண்டலாகச் சொல்லியிருந்தால் அதையும் மறந்திருப்பேன். அவள் முகத்தைக் கவனித்தேன், சார். உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் அல்தாப் வந்தார். லெப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் சம்பாதித்துத் திரும்பி, பெரம்பலூரில் புத்தகக் கடை வைத்திருக்கிறார். என் தோளில் கை போட்டார். தோளில் கை போடுகிறவர்களைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

“செம்மல், அடுத்த கூட்டத்துலேருந்து குறைப்பக்கம் அந்தப் புள்ளயே பேசட்டுங்களா? நீங்க தலைமைன்னு நடுவுல ஒக்காந்துக்கங்க. இன்ஷா அல்லாஹ், ஆளுயர மாலையா போட்டுருவோம்.”

தலைமை என்றால் பேச விடமாட்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் என் மனைவி சுந்தராம்பாளிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “ஊர்ல இருக்குற அத்தனை பேருக்கும் குறை சொல்லியாச்சு. இனிமேயாச்சும் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு ஒக்காருங்களேன்” என்றாள். எனக்கு அந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கும் புரியவில்லை.

அன்றைக்கு மண்டபத்து வாசலில் மணிமொழியும் என்னிடம் வந்தாள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். ஊருக்கு வெளியே கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்று இருக்கிறதாம். கடலாயி அவள் மனதில் பிறந்தது அங்கேதானாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கல் பொறுக்கத் தனியாகப் போவாளாம், நானும் ஒருநாள் வந்து பார்க்க வேண்டுமாம். மழைத்தண்ணீர் ஆழமாகத் தேங்கிக் கிடக்கும், ஓரத்தில் பார்த்து நிற்க வேண்டும், கடலாயிக்கு நீச்சல் தெரியும், தனக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். தன் பலவீனத்தைத் தானாகவே வந்து ஒருவர் சொல்கிறார் என்றால், ஏன் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

திறனாய்வுக்கு ஒரு நேர்மை வேண்டும், சார். ஒன்றைப் பொய் என்று சபையில் சொல்லிவிட்டால் நிரூபித்தாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்பே போய்விட்டேன். குழிக்குள் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் துருத்தி நின்ற பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பட்டிமன்றங்களில் நான் சின்னப்பிள்ளைக் குரலில் பேசினால் பெண்கள் பக்கம் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோகும். விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள்.

மேலே அவள் காலடிச் சத்தம் கேட்டது. “அக்கா, தண்ணிக்குள்ள வுழுந்துட்டேன்க்கா” என்று கூப்பிட்டேன். பெரிய கல் ஒன்றைத் தண்ணீரில் தள்ளினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், விவரம் விடுபடக் கூடாது.

அவள் என்ன செய்திருக்க வேண்டும்? பயந்திருக்க வேண்டும். ஊர்ப்பக்கம் ஓடி நாலு ஆண்பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்க வேண்டும். புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். அப்படிச் செய்திருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போய், அடுத்த கூட்டத்தில் நாகரிகமாக எடுத்துச் சொல்லியிருப்பேன். அவளோ தோள்பையை வீசிவிட்டு, சரிவில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே இறங்கினாள். “பயப்படாத தங்கம், அக்கா வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முந்தின நாள் மழையில் ஊறிய சுண்ணாம்பு மண். கடைசியில் கால் வைத்த இடம் பெயர்ந்தது.

தண்ணீருக்குள் போய் மேலே வந்து, நான் இருந்த பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்களா” என்றாள். சந்தேகமே இல்லாத முகம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பிறகு சொன்னாள், “நான் புடிச்சிருக்கேன், என்னைய வுடுங்க. அந்தப் புள்ளய மொதல்ல தூக்குங்கய்யா.”

நான் திரும்பிப் பார்த்தேன், சார். ஒரு கணம், நிஜமாகவே அங்கே ஒரு பிள்ளை இருக்கிறதோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

மற்றது உங்களுக்குத் தெரியும். கல் பொறுக்கப் போனவள் சறுக்கி விழுந்தாள் என்று ஊர் பேசியது. நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். மன்றத்தில் நினைவேந்தல் வைத்தார்கள். இறந்தவர்களுக்குக் குறை பேசும் வழக்கமில்லை என்பதால் எனக்கு முதல்முறையாக நிறைப்பக்கம் கொடுத்தார்கள். வைரக்கண்ணு முன்வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் நன்றாகப் பேசினேன். என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கடலாயி நம்பத்தகுந்த பாத்திரம்தான் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். சான்று இல்லாமல் ஒரு கருத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே சான்றையும் சொன்னேன். தண்ணீரில் கிடந்தபடி ‘அந்தப் புள்ளய மொதல்ல தூக்குங்க’ என்று கேட்ட பெண் அல்லவா அவளை எழுதியவள் என்றேன். கைதட்டலுக்கு நிறுத்தினேன்.

யாரும் தட்டவில்லை. அல்தாப்தான் எழுந்தார்.

“அத நீங்க எங்க கேட்டீங்க?” என்றார். இந்தத் தடவை செம்மல் என்று கூப்பிடவில்லை.

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. வைரக்கண்ணு எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். மைக்கைத் தள்ளிவிட்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“எம்பொண்ணு வேற என்னங்க சொல்லுச்சு?”

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நிரூபணம் முடிந்துவிட்டது, முடிவு எனக்குப் பாதகமாக வந்திருந்தது, அவள் மேலே ஏறி வந்தால் அதைச் சபையில் சொல்லத்தான் செய்வாள். பாறை விளிம்பில் இருந்த விரல்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக இல்லை, பக்குவமாகத்தான். அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தண்ணீரில் அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் இல்லை என்று அந்த நேரத்தில் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏமாந்துவிட்டோமே என்று மனசு நொந்துபோயிருப்பாள். அந்த அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்குக் கிடையாது, சார்.